நோவும் நினைவும்

புண் ஆறியபின்னும் நோவு ஆறாது வருந்துவாரை வன்னிநாட்டிற் பலவிடத்துங் காண்கின்றோம். 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் முடிவுற்ற போரிலே எறிகணைச் சிதறல் ஏறப்பெற்றோருட் பலர் அவற்றை இன்றும் உடம்பினுள்ளே சுமக்கின்றனர். மூன்று திங்களுக்கு மேல் நீடிப்பதை நாட்பட்ட நோவு என்பர் மருத்துவ நூலார்.

இதனை ‘வெறும் மனப்பிரமை’ என்று தள்ளுவாரும் உளர். அது பிழை, கொடுமையுமாம். சூலையால் வருந்திய திருநாவுக்கரசு நாயனாரது நோவைப் பொய்யென்பார் சைவருள் உளரோ? நோவு மெய்யே. அம்மெய்ந்நோவைக் கூட்டவும் குறைக்கவும் நினைவு வல்லது என்பதே ஈண்டு நாம் சொல்லப் புகுந்தது.

இரண்டாம் உலகப்போரில் இத்தாலியிலே பணிபுரிந்த பீச்சர் என்னும் அமெரிக்க வைத்தியர், பெருங்காயமுற்ற போர்வீரருட் பெரும்பாலோர் நோவு தணிக்கும் மருந்தை வேண்டாமை கண்டு வியந்து, 1946இல் அதனை எழுதி வெளியிட்டார். அவர்க்குக் காயமாவது களத்தினின்று உயிரோடு மீளுதற்கு வாய்த்த வழி. பிள்ளையை இழந்த நாளிலே தானுங் காயமுற்ற வன்னித் தாய்க்கோ அஃது அவ்வாறாதல் எங்ஙனம்? தழும்பு உளையுந்தோறும் அந்நாளும் உடன்வரும். காயம் ஒத்ததாயினும் அதன் பொருள் வேறு. ஆதலின் நோவும் வேறு.

1965இல் மெல்சாக், வால் என்னும் அறிஞர் இருவர் இதற்கு ஒரு விளக்கங் கூறினர். காயத்தினின்று எழுஞ் செய்தி முள்ளந்தண்டு வடத்திலே வாயில்போன்ற ஓரிடத்தைக் கடந்தே மூளையை அடையும். மூளையினின்று இறங்குஞ் செய்திகள் அவ்வாயிலைத் திறக்கவும் ஒடுக்கவுங் கூடும் என்பது அது. பின்வந்தோர் அதன் நுட்பங்கள் சிலவற்றைத் திருத்தினராயினும் அடிப்படை நிலைபெற்றது.

நோவையே ஓயாது எண்ணுதல், வரப்போவதை மிகுத்தெண்ணுதல், ‘இனி என்னால் ஒன்றும் ஏலாது’ என்று சோர்தல் ஆகியன நோவை வளர்ப்பன. அச்சம் இவற்றினும் பொல்லாதது. குனிந்தாற் சிதறல் நரம்பை அறுத்துவிடும் என்றஞ்சி வயற்பக்கம் போகாது கிடப்பவனுக்குத் தசை மெலியும். மெலிந்தபின் சிறுவேலையும் நோவு தரும். அந்நோவு அச்சத்திற்குச் சான்றாய் நிற்கும்.

வைத்தியர் படம்பிடித்துச் சிதறல் கிடக்குமிடத்தை ஆராய்ந்து, நடத்தலாற் கேடில்லை என்று கூறியபின், குளக்கட்டிலே நாடோறும் சிறிது தூரம் நடக்கத் தொடங்குக. நோவு குறைந்த நாளில் வரம்பை மிஞ்சற்க. கூடிய நாளில் முற்றாக விடற்க. வீட்டாரும், காணுந்தோறும் “நோ எப்படி?” என்று வினவுதலை விடுத்து, “இன்று எவ்வளவு தூரம் நடந்தீர்கள்?” என்று கேட்பாராக. புதிதாக மரப்போ, காய்ச்சலோ, பழந்தழும்பிற் சீழோ தோன்றின், நடையை நிறுத்தி அன்றைக்கே வைத்தியசாலைக்குச் செல்க.