எறும்பு வளர்க்கலாமா?

நாய், பூனை, கிளி வளர்ப்போரைக் கண்டிருக்கிறோம். இப்போது எறும்புக் குடியொன்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து வளர்க்கும் பொழுதுபோக்கு நம் பிள்ளைகளையும் எட்டியிருக்கிறது. "வளர்க்கட்டுமா, பாட்டி?" என்று கேட்கும் பேரனுக்குக் 'கூடாது' என்னும் ஒற்றைச் சொல் விடையாகாது. ஏன் என்று கேட்பான், கேட்கவும் வேண்டும். ஆதலின் வளர்ப்பு முறையை முதலில் அறிவோம்.

மழை பெய்து ஓய்ந்த நாள்களில் சிறகுள்ள எறும்புகள் கூட்டைவிட்டுப் பறக்கும். (ஈசல் கறையானின் சிறகுருவம், இரண்டையும் ஒன்றெனக் கொள்ளல் ஆகாது.) கலந்தபின் ஆண் எறும்பு மடியும். பெண் எறும்பு சிறகுகளை உதிர்த்துவிட்டு வளை தேடும். அதுவே அரசி. வளர்ப்போர் அதனைப் பிடித்து, அடியில் நீர் நிரப்பிப் பஞ்சடைத்த சோதனைக்குழாயில் விட்டு, வாயையும் பஞ்சால் மூடி இருட்டில் வைப்பர். பல இனங்களில் முதற் பிள்ளைகள் வளர்ந்து வெளிவரும் வரை அரசி எதுவும் உண்பதில்லை. இனிப் பறக்க வேண்டாத அதன் சிறகுத் தசைகள் உடலுள் கரைந்து உணவாகின்றன. அவ்வுணவால் தானும் உயிர்வாழ்ந்து புழுக்களையும் ஊட்டி வளர்க்கிறது. இச்செய்தியை வகுப்பில் எப்போது சொன்னாலும் பிள்ளைகள் அமைதியாகிவிடுவர்.

இம்முறையால் அறிவு வளர்ந்ததை மறுக்க இயலாது. இங்கிலாந்தின் ஜான் லப்பாக், வங்கித் தொழிலுக்கிடையே கண்ணாடித் தகடுகளின் நடுவில் எறும்புகளை வளர்த்துக் கண்டவற்றை 1882-இல் நூலாக்கினார். அவர் வளர்த்த அரசி ஒன்று ஏறத்தாழ 15 ஆண்டுகள் வாழ்ந்தது. நம் நாட்டில் கோபாலசந்திர பட்டாச்சார்யர் (1895–1981) என்பவர் கிழக்கு வங்கச் சிற்றூர் ஒன்றில் பள்ளியாசிரியராக இருந்தவர். 1921-இல் கல்கத்தாவின் போசு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். பட்டம் பெறாத அவர் முசுறுகளை ஆராய்ந்து, புழு அரசியாவதும் வேலைக்காரியாவதும் உண்ணும் உணவைப் பொறுத்தது என 1940களில் எழுதினார். பள்ளியாசிரியர் என்பதைச் சற்று அழுத்தியே சொல்கிறோம்.

இனி நம் நெறிக்கு வருவோம். எறும்பைத் தொல்காப்பியமும் தத்துவார்த்த சூத்திரமும் மூவறிவுயிர் என்றே வகுக்கின்றன. ஊறு, சுவை, நாற்றம் ஆகியவை அம்மூன்று. எறும்பு இட்டுச் செல்லும் மணத்தடத்தைப் பின்னவை பற்றிச் செல்வதைக் காணும்போது, நாற்றத்தை முன்னோர் கருதியதன் பொருள் விளங்கும். எனினும் மேற்குத்தொடர்ச்சி மலையில் பெரிய கண்களோடு தாவி வேட்டையாடும் எறும்பும் உண்டு. ஜெர்டன் என்பார் 1851-இல் அதனை விவரித்தார். இதற்கு எத்தனை அறிவு என்று மாணவன் கேட்டால், அக்கேள்வியை அதட்டி அடக்க வேண்டா.

கொல்லாமை அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்கள் சொல்லப்பட்டுள்ளன: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். அடைத்துவைத்தல் முதலாவதிலேயே அடங்கும். தேர்வும் பயணமும் வந்தால் குழாயின் நீர் வற்றுவதையும் பூஞ்சணம் பிடிப்பதையும் யார் கவனிப்பார்? அரசி இன்றி வேலைக்கார எறும்புகளை மட்டும் பிடித்து அடைத்தாலோ, புதுப் பிள்ளைகள் பிறவாமல் அக்குடி சில மாதங்களில் அழியும். இவற்றினும் பெரிய தடை உணவே. சர்க்கரை நீர் மட்டும் போதாது. புழுக்கள் வளரப் புரதம் வேண்டும். அதற்காகப் பாச்சை முதலிய பூச்சிகளைக் கொன்று இடுவதே வழக்கம். ஓருயிரைப் பார்த்து மகிழ வேறுயிர்களை நாள்தோறும் கொல்லும் பொழுதுபோக்கு சமண இல்லத்துக்கு ஏற்றதன்று என்பதே நம் துணிபு. ஆராய்ச்சியாளர் ஒருமுறை கண்டதை ஒவ்வொரு வீட்டிலும் அடைத்துவைத்து மீண்டும் காணத் தேவையுமில்லை.

இதில் வணிகமும் புகுந்துவிட்டது. 2025 மே மாதம் கென்ய நாட்டு நீதிமன்றம், ஏறத்தாழ 5,000 அரசி எறும்புகளைக் குழாய்களில் அடைத்து வைத்திருந்த பெல்ஜிய இளைஞர் இருவருக்குத் தண்டம் விதித்தது. ஒவ்வோர் அரசியும் ஒரு குடியின் வித்து என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள்.

அடைக்காமலே கற்க நாஞ்சில் நாட்டில் இடமா இல்லை? மாவிலும் முந்திரியிலும் முசுறுக் கூடுகள் தொங்குகின்றன. சிதறால் மலைக்கு, அதாவது பழைய திருச்சாரணத்துமலைக்குச் செல்வோர் வழியிலுள்ள மரங்களையும் அண்ணாந்து பார்க்கலாம். (அம்மலைக்குப் பொன் அளித்த குணந்தாங்கிக் குரத்திகளின் பெயர் கல்வெட்டில் உண்டு. குரத்தி என்றால் பெண்ணாசிரியர்.) வேலைக்கார முசுறுகள் வரிசையாக நின்று இலைகளை இழுத்துப் பிடிக்க, வேறு சில தம் புழுக்களை வாயில் கவ்வி இங்குமங்கும் அசைத்து, அப்புழு விடும் பட்டிழையால் இலைகளை ஒட்டும். வளர்ந்த எறும்பிடம் இழை இல்லை. பிள்ளையே தறிநாடா ஆகிறது. இம்முயிற்றின் கூட்டை நற்றிணைப் புலவரும் கண்டிருக்கிறார்.

வீட்டில் செய்ய ஒரு பயிற்சி: திண்ணையில் எறும்புச் சாரை செல்லும் வழியில் சிறு தாளொன்றை வைத்து, பக்கத்தில் சிறிது வெல்லம் இடுக. தாளின்மேல் வழி உண்டானபின், அதன்மேல் எறும்பில்லாத நொடியில் தாளை மெல்லக் குறுக்காகத் திருப்புக. எறும்புகள் எங்கே தயங்குகின்றன, எவ்வளவு நேரத்தில் வழி காண்கின்றன என்று குறிக்க. அரிசிமாவையும் வெல்லத்தையும் தனித்தனியே இட்டு, முதலில் எதற்கு வருகின்றன என்றும் பார்க்கலாம். நாள், நேரம், வெயிலா மழையா, கண்டது என நான்கு பத்திகள் கொண்ட ஏடு போதும். ஒரு மாதம் விடாமல் எழுதுக. முசுறுக் கூட்டைப் பார்க்கும்போது மட்டும் இரண்டு முழம் தள்ளி நிற்க. ஏறிக் கடித்தால் கையால் தேய்க்காது ஊதி விடுக.