வீட்டைப் பார்க்குமுன் வீதியைப் பாருங்கள்

ஏப்ரல், மே மாதங்கள் மாற்றல் உத்தரவுகளின் காலம். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் ஊர் மாறி, வீடு பிடித்து, சாமான்களை இறக்கி, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தாக வேண்டும். இந்த அவசரத்தில், மும்பைக்குப் புதிதாக வரும் நம்மவர்களில் பெரும்பாலோர் வீடு தேடும் முறை ஒன்றே. குடும்பத் தலைவர் முன்னதாகத் தனியே வருகிறார். அலுவலகம் எவ்வளவு தூரம், வாடகை எவ்வளவு, டெபாசிட் எவ்வளவு என்று மூன்று கேள்விகள் கேட்கிறார். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் தரகருடன் அலைந்து, ஒரு வீட்டை முடித்துவிடுகிறார்.

வேலைக்குப் போகிறவர்கள் காலை 8 மணிக்குக் கிளம்பினால் இரவு 8 மணிக்குத்தான் திரும்புவார்கள். பகல் முழுவதும் அங்கே வாழப் போகிறவர்கள் பிள்ளைகளும், வயதான பெற்றோரும், இந்தியும் மராத்தியும் இன்னும் பிடிபடாத இல்லத்தரசியும்தான். அவர்களைக் கேட்டு அந்த மூன்று கேள்விகளும் எழவில்லை.

ரயில்வேயில் பாதைப் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். எங்கள் தொழிலில் ஒரு பாலபாடம் உண்டு. நூறு கிலோமீட்டர் பாதை எவ்வளவு உறுதியாக இருந்தாலும், நடுவில் ஒரு பாலம் பலவீனமாக இருந்தால், அந்தப் பாதையில் எவ்வளவு பாரம் போகலாம் என்பதை அந்தப் பாலமே தீர்மானிக்கும். வசிக்கும் இடத்துக்கும் இதே கணக்குத்தான். வீட்டில் நடக்க அதிகம் சிரமப்படுபவர் யாரோ, அவருடைய நடையே அளவுகோல். அவர் துணையின்றி இறங்கிப் போய்த் திரும்பக்கூடிய பகுதி எதுவோ, அதுவே குடும்பத்துக்கு ஏற்ற பகுதி. இதை எப்படிக் கண்டறிவது என்பதைப் பாடம் பாடமாகப் பார்ப்போம்.

முதல் பாடம்: தூரத்தை நிமிடத்தில் அளவிடுங்கள்

நல்ல திடகாத்திரமான ஆள் நிமிடத்துக்கு 80 மீட்டர் நடப்பார். அறுபத்தைந்து வயதைத் தாண்டியவரோ, குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பவரோ 50 மீட்டர்தான் நடப்பார். ஆக, பத்து நிமிட நடை என்பது ஒருவருக்கு 800 மீட்டர், மற்றவருக்கு 500 மீட்டர். வீட்டை மையமாக வைத்து இரண்டு வட்டம் போட்டுப் பாருங்கள். சின்ன வட்டத்தின் பரப்பு பெரிய வட்டத்தில் 40 சதவீதம்கூட இல்லை. வாலிபருக்கு எல்லாம் பக்கத்தில் இருக்கும் இடம், அவர் தாயாருக்கு ஒன்றுமே பக்கத்தில் இல்லாத இடமாகலாம்.

இந்த 500 மீட்டருக்குள் பால், காய்கறி, மருந்துக்கடை, டாக்டர், உட்கார நிழலுள்ள ஒரு பெஞ்சு, பஸ் நிறுத்தம் ஆகியவை இருக்க வேண்டும். பள்ளி சற்றுத் தள்ளியிருக்கலாம். 2010இல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் மத்திய மாதிரி விதிகள், ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை 1 கிலோமீட்டர் நடைதூரத்தில் பள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. அதை நாமும் வரம்பாகக் கொள்ளலாம்.

'ஆட்டோ இருக்கிறதே' என்பார்கள். 2025 பிப்ரவரியில் மும்பையில் ஆட்டோவின் குறைந்தபட்சக் கட்டணம் 26 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது, அது 1.5 கிலோமீட்டர் வரைக்கும். ஸ்டேஷனுக்குப் போய்வர இரண்டு, கடைக்கோ டியூஷனுக்கோ போய்வர இரண்டு என்றால் நாளொன்றுக்கு 104 ரூபாய். மாதம் 25 நாளுக்கு 2,600 ரூபாய். தள்ளியிருக்கும் வீட்டின் வாடகையோடு இதையும் கூட்டிய பிறகே, எந்த வீடு மலிவு என்று சொல்ல வேண்டும்.

இரண்டாம் பாடம்: தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம்?

1853இல் போரிபந்தரிலிருந்து தாணே வரை 34 கிலோமீட்டர் தூரத்துக்கு ரயில் ஓடத் தொடங்கியது. பின்னால் வளர்ந்த புறநகர்கள் பலவும் தண்டவாளத்தின் இருபுறமாக, கிழக்கு மேற்கு என்று பிரிந்தே வளர்ந்தன. ஸ்டேஷன் பெயர் ஒன்றாக இருக்கலாம். ஆனால் கிழக்கு வேறு ஊர், மேற்கு வேறு ஊர். வீடு ஒரு பக்கமும் பள்ளி மறுபக்கமும் அமைந்தால், தினமும் பாலம் ஏற வேண்டும். மின்கம்பிக்கு மேலே போக வேண்டியிருப்பதால் நடைமேம்பாலம் தரையிலிருந்து 6 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும். ஏறும் படிகள் நாற்பதுக்குக் குறையாது. பல ஸ்டேஷன்களில் லிப்டும் எஸ்கலேட்டரும் வந்துவிட்டன. ஆனால் அவை உங்கள் பக்கத்து வாசலில் இருக்கின்றனவா, ஓடுகின்றனவா என்று நேரில் பாருங்கள்.

பாலம் தொலைவில் இருந்தால் ஜனங்கள் தண்டவாளத்தைக் குறுக்கே கடப்பார்கள். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி அது குற்றம். குற்றம் என்பதைவிட, உயிர் போகும் வழி அது. வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகும் வழியில் சுவரில் ஓட்டை இருந்து, அதன் வழியே ஒற்றையடிப் பாதை போவதைக் கண்டால், அந்த வீடு வேண்டாம். பெரியவர்கள் போவதைப் பார்க்கும் பிள்ளையும் ஒரு நாள் அதே வழியில் போகும்.

ஸ்டேஷனை ஞாயிற்றுக்கிழமை மதியம் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். 2017 செப்டம்பர் 29 அன்று காலை நெரிசல் நேரத்தில், அன்றைய எல்பின்ஸ்டன் ரோடு ஸ்டேஷனின் குறுகலான படிக்கட்டில், மழைக்கு ஒதுங்கிய கூட்டத்தில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். வேலை நாளில் காலை 8.30க்கு ஒருமுறை பாலத்தில் ஏறி இறங்கிப் பாருங்கள்.

மூன்றாம் பாடம்: நடைபாதையும் சாலைக் கடப்பும்

நடைபாதையில் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும், விளிம்பு 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்பது இந்திய சாலைக் காங்கிரசின் விதி. கையில் டேப் தேவையில்லை. இருவர் பக்கத்தில் பக்கத்தில் நடக்க, எதிரே ஒருவர் வந்தால் யாரும் சாலையில் இறங்காமல் போக முடிகிறதா என்று பார்த்தால் போதும்.

அடுத்து, சாலையைக் கடப்பது. நான்கு வரிசைச் சாலை சுமார் 14 மீட்டர் அகலம். விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பவர் 12 விநாடியில் கடந்துவிடுவார். 0.8 மீட்டர் நடக்கும் பாட்டிக்கு 17 விநாடிக்கு மேல் வேண்டும். சிக்னலில் எத்தனை விநாடி பச்சை எரிகிறது என்று கைக்கடிகாரத்தில் பாருங்கள். சிக்னலே இல்லாத நெடுஞ்சாலைக்கு அப்பால் கடைத்தெரு இருக்குமானால், அது படத்தில் 200 மீட்டராக இருந்தாலும் பக்கத்தில் இல்லை என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் நெடுஞ்சாலையோரம் பதினான்காவது மாடியில் நல்ல வீடாகப் பார்த்துக் குடிவந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து தகப்பனாரையும் அழைத்து வந்தார்கள். ஊரில் தினமும் கடைத்தெருவுக்குப் போய், பேப்பர் படித்து, நாலு பேரிடம் பேசித் திரும்பியவர். இங்கே லிப்டில் இறங்கினால் வாட்ச்மேன்; அவரைத் தாண்டினால் லாரிகள். எட்டு மாதத்தில் ஊருக்கே திரும்பிவிட்டார். வீட்டில் அவருக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை. இறங்கிப் போக ஓர் இடம் இல்லை, அவ்வளவுதான்.

நான்காம் பாடம்: மழையைக் கேட்டு அறியுங்கள்

ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். கனமழையும் கடல் ஏற்றமும் ஒன்றாக வந்தால், வடிகால் நீர் கடலுக்குள் இறங்க வழியின்றித் தெருவிலேயே நிற்கும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் பெய்தது. ஏப்ரலில் வீடு பார்க்கிறவருக்கு இதெல்லாம் தெரியாது. தெருமுனை இஸ்திரிக்காரரிடமும் மளிகைக் கடைக்காரரிடமும் கேளுங்கள், தரகரிடம் கேட்காதீர்கள். தரைத் தளத்தில் மின்சார மீட்டர் பெட்டிகளைத் தலைக்கு மேலே தூக்கி வைத்திருந்தால், காரணம் என்னவென்று விசாரியுங்கள்.

மூன்று பகுதிகள், மூன்று கணக்குகள்

மாட்டுங்கா: 1896இல் பிளேக் நோய் பரவிய பிறகு, 1898இல் ஏற்பட்ட நகர மேம்பாட்டு டிரஸ்ட் திட்டமிட்டு அமைத்த பகுதி இது. மரநிழல், பூங்கா, வாழையிலையும் பூவும் காப்பிப்பொடியும் கிடைக்கும் கடைத்தெரு, கோயில், பள்ளி எல்லாம் நடைதூரத்தில் உண்டு. தமிழிலேயே காரியம் நடத்தலாம். ஆனால் வாடகை அதிகம். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் மழைநீர் தேங்கும். ஆட்டோ சயானைத் தாண்டி உள்ளே வராது.

முலுண்ட் மேற்கு: 1922இல் ஸ்டேஷனிலிருந்து பாஞ்ச் ரஸ்தா வரை கட்டங்கட்டமாகத் தெரு வரைந்து அமைத்தார்கள். கட்டத் தெருவின் நன்மை, ஒரு வழி அடைபட்டாலும் பக்கத்து வழி உண்டு, சுற்றும் குறைவு. தென்மும்பையில் வேலை என்றால் லோக்கல் வண்டியில் நெடுநேரம் நிற்கத் தயாராக வேண்டும்.

வாஷி, நெருல்: 1970இல் தொடங்கிய சிட்கோ நிறுவனம் அமைத்த நவி மும்பைப் பகுதிகள். பள்ளிக்கும் கடைக்கும் பூங்காவுக்கும் செக்டர்தோறும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நடைபாதையும் அகலம். ஆனால் உள்ளே தள்ளிய செக்டர்களிலிருந்து ஸ்டேஷன் நடைதூரமல்ல. பஸ் நேரத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இவற்றில் எது சிறந்தது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. வீட்டில் பாட்டி இருக்கிறாரா, கைக்குழந்தை இருக்கிறதா, எந்த ரயில் பாதையில் வேலை என்பதைப் பொறுத்தது.

செயல்முறை

ஒரே பகுதிக்கு மூன்று தடவை போங்கள்: வேலை நாள் காலை ஒருமுறை, மாலை 7 மணிக்கு ஒருமுறை, இரவு 9.30க்கு ஒருமுறை. இரவில் தெருவிளக்கு எரிகிறதா, கடைகள் திறந்திருக்கின்றனவா, பெண்கள் தனியாக நடந்து வருகிறார்களா என்று கவனியுங்கள். ஒரு தடவையாவது மனைவியையும், முடிந்தால் பெரியவரையும் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் முன்னே நடக்கட்டும்; நீங்கள் பின்னால் போங்கள். எங்கே நிற்கிறார்கள், எங்கே கையைப் பிடிக்கத் தேடுகிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வந்தவுடனே வீடு வாங்க வேண்டாம். 11 மாத லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தத்தில் குடியிருந்து, ஒரு மழைக்காலத்தைப் பார்த்துவிட்டு யோசிக்கலாம். நீங்கள் நடந்து பார்த்து எழுதிய தாளின் பிரதி ஒன்றைச் சங்க நூலகத்தில் கொடுத்து வையுங்கள். அடுத்த ஜூனில் வரும் குடும்பம் அதை எடுத்துப் பார்த்துக்கொள்ளும்.