தளர்நடையும் திங்கட் கணக்கும்

பிள்ளைத்தமிழ் பாடிய நம் முன்னோர் குழந்தையின் வளர்ச்சியைத் திங்கள் வாரியாக வகுத்தனர். 5ஆம் திங்களில் செங்கீரை: ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலைநிமிர்ந்து ஆடுதல். 9ஆம் திங்களில் சப்பாணி, அதாவது கைகொட்டல். ஓராண்டை ஒட்டி வருகை, தளர்நடை.

இவ்வொழுங்கு இன்றைய மருத்துவத்தோடு பெரிதும் ஒத்துள்ளது. ஆயினும் கணக்கை இறுகப் பற்றலாகாது. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்ளிட்ட 5 நாடுகளில் ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட முடிவின்படி, நலமுள்ள குழந்தை தானே நடக்கத் தொடங்குவது 8ஆம் மாதத்திலும் இருக்கலாம். பதினேழரை மாதத்திலும் இருக்கலாம். நூற்றுக்கு நான்கு குழந்தைகள் கைகால் ஊன்றித் தவழாமலேயே நடந்துவிடுகின்றன. அடுத்த வீட்டுப் பிள்ளையைக் காட்டி இளந்தாயை வாட்டுதல் வேண்டா.

ஆனால் 18 மாதமாகியும் நடையில்லை, 16 மாதமாகியும் ஒரு சொல்லுமில்லை, அழைத்தால் திரும்பவில்லை எனில், "இவன் அப்பனும் தாமதமாகத்தான் பேசினான்" என்று காத்திருத்தல் பெரும் பிழை. செவிக்குறை எத்துணை விரைவில் அறியப்படுகிறதோ அத்துணை நன்றாகப் பேச்சு கைகூடும். செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாமல்லபுரக் கரையோர ஊர்களிலிருந்தும் சென்றுவரலாம்.

ஆண்பாற் பிள்ளைத்தமிழ் சிறுதேரோடு முடிந்துவிடும், வளர்ச்சி முடிவதில்லை. பெண்மக்களுக்கு 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண்மக்களுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் பருவ மாற்றம் தொடங்கும். அப்போது பசி மிகும். மாலை வகுப்பு முடிந்து இருட்டிய பின் திரும்பும் பிள்ளைக்கு, நாம் காக்கும் இராவுணவு விலக்கு பட்டினியாகிவிடக் கூடாது. பொழுது சாயுமுன் உண்ணக் கேழ்வரகு அடையோ வேர்க்கடலை உருண்டையோ காலையிலேயே கட்டிக்கொடுத்தனுப்புவோம்.