நசுங்கிய பளபளப்புத் தகட்டை நிமிர்த்தும் முறை

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் தொழிற்சாலைகள் பெருகிய பின்னரும், திருப்பாச்சூர் போன்ற ஊர்களில் காய்கறிக் கூடையும் விதை மூட்டையும் ஏற்றிச் செல்லப் பழைய அம்பாசடர் காரை வைத்திருக்கும் உழவர்கள் உண்டு. மேற்கு வங்காளத்தின் உத்தர்பாரா ஆலையில் இக்காரின் உற்பத்தி 2014 மே மாதம் நின்றுவிட்டது. ஆகவே, நசுங்கிய விளக்கு வளையத்தையோ ஓரப்பட்டையையோ பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டால், அதே அளவில் வேறொன்று தேடி அலைய நேரிடும். டிராக்டரின் விளக்கு வளையத்திற்கும் இம்முறை பொருந்தும்.

முதலில் உலோகத்தை அறிந்து கொள்ளுங்கள். காந்தம் நன்கு ஒட்டினால் பெரும்பாலும் குரோம் முலாம் பூசிய இரும்பு. ஒட்டாமல், கையில் இலேசாக இருந்து, கத்தி நுனியால் உட்புறம் எளிதில் கீறினால் அலுமினியம். கீற முடியாமல் கடினமாக இருப்பது எவர்சில்வர். இதில் சில வகையைக் காந்தம் இழுக்கும். கனமான துத்தநாக வார்ப்புப் பாகத்தை மட்டும் அடிக்காதீர்கள், உடைந்துவிடும்.

பட்டையைக் கழற்றும்போது திருப்புளியால் நெம்ப வேண்டாம். நெம்பிய இடத்தில் புதிய மடிப்பு விழும். துருப்பிடித்த நட்டுகளுக்கு முதல் நாள் இரவே எண்ணெய் விட்டு வையுங்கள்.

பலரும் தவறுவது அடிப்பதில்தான். இரும்புச் சுத்தியால் ஓங்கி அடித்தால் தகடு மெலிந்து விரியும். விரிந்த தகடு பழைய இடத்தில் அடங்காது. குழி இருந்த இடத்தில் மேடு எழும்பும். எனவே தடித்த சாக்குப் பையில் சலித்த மணலை இறுக்கிக் கட்டி, அதன்மேல் தகட்டின் முகப்பைக் கீழ்நோக்கி வைத்து, பின்புறமிருந்து புளியங்கட்டைக் கொட்டாப்புளியால் மெதுவாகத் தட்டுங்கள். நடுக்குழியில் தொடங்கக் கூடாது. உடைந்த வரப்பை இருபுறமும் மண் அணைத்து நடுவே மூடுவது போல, குழியின் விளிம்பிலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே வர வேண்டும். பத்துப் பன்னிரண்டு தட்டுக்கு ஒருமுறை திருப்பி, மெல்லிய துணி வழியாக விரலால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடு விரலுக்குத் தெரியும்.

தட்டத் தட்ட உலோகம் விறைக்கும். அலுமினியம் விறைத்தால் மேலும் அடிக்க வேண்டாம், வெடித்துவிடும். சோப்பைத் தடவி, தீயை ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்திச் சூடு காட்டுங்கள்; சோப்பு கறுத்தவுடன் தீயை எடுத்துவிட வேண்டும். அலுமினியம் சிவக்காமலே சுமார் 660 டிகிரி சென்டிகிரேடில் உருகிவிடும். நிறத்தைப் பார்த்துக் காத்திருந்தால் தகடு போய்விடும்.

எவர்சில்வரையும் அலுமினியத்தையும் 400, 600, 1000 எண் நீர் உப்புத்தாளால் வரிசையாகத் தேய்த்து மெருகிடலாம். குரோம் பூசியதைத் தேய்த்தால் முலாம் போய்விடும். அடித்தாலும் முலாம் விரிசல் கண்டு துரு ஏறும். நிமிர்த்திய பின் முலாம் பூசும் பட்டறைக்கு அனுப்புவதே சரி. பணம் மிச்சமாகும் என்று வீட்டிலேயே அமிலத்தில் முலாம் நீக்க முயல வேண்டாம். இராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலையொன்றின் கழிவுக் குவியல் நிலத்தடி நீரைக் கெடுத்ததை அறிவோம். கிணற்றடியில் கொட்டும் ஒரு வாளிக் கழிவும் அதே வகை நஞ்சுதான்.

திரும்பப் பொருத்தும்போது அலுமினியப் பட்டைக்கும் இரும்பு உடலுக்கும் இடையே ரப்பர் வாஷர் வையுங்கள். இரண்டும் நேராகத் தொட்டு ஈரம் பட்டால், அலுமினியம் வெண்பொடியாக அரிக்கும்.