கோணம் என்பது யாது?

கணித நூலுள் எளிதென எண்ணித் தொடங்கிப் பின்னர் மாணாக்கர் இடர்ப்படும் பொருள்களுள் கோணமும் ஒன்றாகும். நீளத்தைக் கோலால் அளக்கின்றோம். நிறையைத் தராசால் அறிகின்றோம். கோணமோ கையிற் பிடிபடாததாய் இரு கோடுகளின் நடுவே மறைந்திருப்பதுபோலத் தோன்றுகின்றது. ஆதலின், அதனைப் புத்தகத்துப் படத்தைக்கொண்டு மனனஞ் செய்வதினும், கடலூர் மாவட்டத்துச் சாலையிலும் ஆற்றங்கரையிலும் வைத்துக் கற்பது சாலச் சிறந்ததாமென எண்ணி இக்கட்டுரையை எழுதத் துணிந்தனம்.

சேத்தியாத்தோப்பில், சென்னையிலிருந்து வடலூர் வழியாகக் கும்பகோணஞ் செல்லும் சாலையும், சிதம்பரத்திலிருந்து விருத்தாசலஞ் செல்லும் சாலையும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. இவ்விரண்டனையும் நேர்கோடுகளெனக் கொள்வோம். அவை வெட்டுமிடத்தில் ஒருவன் சிதம்பரத்தை நோக்கி நிற்கின்றான். நின்ற இடம் பெயராமல் இடப்புறமாகத் திரும்பி வடலூரை நோக்குகின்றான். அவன் ஓரடியேனும் நடந்திலன். ஆயினும் ஏதோ ஒன்று நிகழ்ந்திருக்கின்றது. அவ்வாறு நிகழ்ந்த திருப்பத்தின் அளவே கோணமாகும். அவன் நின்ற இடம் உச்சி. இரு சாலைகளும் அக்கோணத்தின் புயங்கள்.

இங்கே மாணாக்கர் பெரிதுங் கருத்திற் கொள்ளவேண்டுவது ஒன்றுண்டு. புயங்கள் நீண்டால் கோணம் பெரிதாகாது. சாலை சிதம்பரம் வரையில் நீண்டு கிடப்பினும், இரண்டு முழத்தோடு நின்றுவிடினும், திரும்பியவனுடைய திருப்பம் ஒன்றே. நீண்ட புயங்களையுடைய சிறு கோணத்தையும், குறுகிய புயங்களையுடைய பெருங்கோணத்தையும் அருகருகே வரைந்து காட்டின், முன்னதையே பெரிதென்று கூறுவார் பலர். அவர் நீளத்தை நோக்கினரேயன்றித் திருப்பத்தை நோக்கினாரல்லர்.

நம் மனிதன் மேலும் இடப்புறமாகவே திரும்பி விருத்தாசலத்தையும், பின் கும்பகோணத்தையும் நோக்கி, மீண்டுஞ் சிதம்பரத்தையே நோக்குவானாயின் ஒரு முழுச்சுற்று முடிந்தது. முழுச்சுற்றை 360 பாகையாகப் பகுப்பது மரபு. பாகையொன்றுக்குக் கலை 60. கலையொன்றுக்கு விகலை 60. பாதிச்சுற்று 180 பாகை, அது நேர்க்கோணம். காற்சுற்று 90 பாகை, அது செங்கோணம். அதனிற் குறைந்தது குறுங்கோணம். அதனின் மிக்கு நேர்க்கோணத்திற் குறைந்தது விரிகோணம். தச்சன் மூலைமட்டத்தாற் காண்பதும், வீட்டுக்கு அடிநிலம் வகுக்குங் கொத்தன் 3, 4, 5 அடியாகக் கயிற்றை முக்கோணமாகப் பிடித்துக் காண்பதும் செங்கோணமேயாம்.

இனி, முதல் திருப்பம் 70 பாகை என்று வைத்துக்கொள்வோம். சிதம்பரமும் விருத்தாசலமும் ஒரே நேர்கோட்டில் எதிரெதிராக இருத்தலின், அடுத்த திருப்பம் 180இல் 70 போக எஞ்சிய 110 பாகையாகும். அதற்கடுத்தது, அவ்வாறே மற்றைச் சாலையும் நேர்கோடாதலின், மீண்டும் 70 பாகையாகும். ஆகவே இரு நேர்கோடுகள் வெட்டுமிடத்துக் குத்தெதிர்க் கோணங்கள் தம்முள் ஒத்தனவாம். யூக்கிளிது தம் நூலின் முதற் புத்தகத்தில் 15ஆம் கூற்றாக நிறுவியது இதுவே.

இவ்வறிவாற் பயன் யாதென வினவுவார்க்கு வெள்ளாற்றங்கரையில் விடை கூறுவோம். ஆற்றைக் கடவாமல் அதன் அகலத்தை அறியவேண்டும். எதிர்க்கரையில் நீரோரமாக நிற்கும் ஒரு மரத்தைக் குறிக்கொள்க. நம் கரையில் அதற்கு நேர் எதிரே ஓரிடத்தில் ஒரு கழியை நடுக. ஒரு காகிதத்தின் மூலை செங்கோணமாதலின், அதன் ஒரு விளிம்பு மரத்தை நோக்க, மறு விளிம்பு காட்டுந் திசையிற் கரையோரமாக நடந்து செல்க. பின் அம்மூலையை விளிம்போடு விளிம்பு பொருந்த மடித்தால் 45 பாகை கிடைக்கும். மடித்த மூலையின் ஒரு விளிம்பு கழியையும் மறு விளிம்பு மரத்தையும் நேரே காட்டுமிடம் வரும்வரையில் நடந்து, அங்கே நிற்க. இப்பொழுது கழியும் மரமும் நாமும் ஒரு முக்கோணத்தின் மூன்று மூலைகள். முக்கோணத்தின் கோணங்கள் கூடி 180 பாகையாதலால், மரத்தினிடத்துள்ள கோணமும் 45 பாகையே. ஒத்த கோணங்களுக்கு எதிர்ப்பக்கங்களும் ஒத்தனவாகலின், கழியிலிருந்து நாம் நடந்த தூரமே ஆற்றின் அகலமாகும். கால் நனையாமல் ஆற்றை அளந்துவிட்டோம்.

ஆற்றுக்குப் பயன்பட்ட இம்முறையே நாட்டையும் அளக்கப் பயன்பட்டது. 1802ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வில்லியம் லாம்டன் என்பார் பரங்கிமலையை அடுத்த சமவெளியில், ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளந்தார். பின்னர் ஏறத்தாழ அரை டன் நிறையுள்ள தியோடலைட்டு என்னுங் கோணமானியைக்கொண்டு, முக்கோணத்தின்மேல் முக்கோணமாகத் தெற்கே தொடுத்துச் சென்றார். ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் ஏனைப் பக்கங்கள் கணக்கிற் கிடைக்குமாதலால், ஒவ்வொரு பக்கத்தையுஞ் சங்கிலியால் அளக்கவேண்டுவதில்லை.

அவர் அளந்த முதல் வில்லின் தென்முனை கடலூரை அடுத்த திருவந்திபுரமாகும். அங்கும் வடமுனையிலும் விண்மீன்களை நோக்கி, இரண்டிடங்களுக்கும் உள்ள அட்சாம்ச வேறுபாடு ஏறத்தாழ 1 பாகை 35 கலை எனக் கண்டார். அவ்வேறுபாடு பூமியின் நடுவிடத்தை உச்சியாகவுடைய கோணமே. அவ்வுச்சியை எவரும் அடைந்திலர். எனினும் ஒரு பாகைக்கு நிலத்தின்மேல் 68¾ மைலுக்கு அணித்தான தூரம் உண்டென்பது பெறப்பட்டது.

காவிரிச் சமவெளியில் குன்றுகள் இன்மையால் கோயிற் கோபுரங்களே நோக்குமிடங்களாயின. 1808ஆம் ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயிலின்மேல் கோணமானியை ஏற்றுகையிற் கயிறு அறுந்து, அக்கருவி மோதிச் சிதைந்தது. லாம்டன் அதனைத் தம் கையாலேயே பல வாரம் உழைத்துச் செப்பனிட்டார். அத்துணைப் பாடு எற்றுக்கெனின், கோணத்திற் சிறு பிழையுந் தூரத்திற் பெரும்பிழையாம். 10 கிலோமீட்டர் தூரத்தில் ஒரு பாகைப் பிழை ஏறத்தாழ 175 மீட்டர் விலகச் செய்யும். ஒரு கலைப் பிழை 3 மீட்டருக்கு அணித்தாக விலகச் செய்யும். ஒரு விகலையாயின் விலகல் 5 சென்டிமீட்டரளவே. வயலின் எல்லைக்கல்லை ஒரு முழம் தள்ளி நட்டால் இரு குடும்பங்கள் பகையாவதைக் கண்டவர், விகலையின் அருமையை எளிதில் உணர்வர்.

அவர் தொடங்கிய பணியின் வழிவந்தோர், சமவெளியில் நின்றபடியே கோணங்களை அளந்து, எவரெஸ்டுச் சிகரத்தின் உயரம் 29,002 அடியென 1856இல் வெளியிட்டனர். மனிதன் அச்சிகரத்தில் முதன்முதற் கால்வைத்ததோ 1953இல். கால் செல்வதற்கு 97 ஆண்டு முன்னரே கோணஞ் சென்று மீண்டது என்க.

ஆகவே, மாணாக்கர்காள்! கோணம் நீளமன்று, திருப்பமே என்பதை முதலில் உறுதியாகப் பற்றுக. புயத்தின் நீளத்தைச் சாராமையினாலேயே, கைக்குள் அடங்குங் காகித மூலை ஆற்றின் அகலத்தைக் கூறவல்லதாயிற்று. இவ்விடுமுறையில் ஒரு காகிதமும் ஒரு கழியுங் கொண்டு, உங்கள் ஊர் ஆற்றையோ ஏரியின் வாய்க்காலையோ ஒருமுறை அளந்து பாருங்கள். பாலம் உள்ள இடமாயின், அதன்மேல் நடந்து அளந்து, இரண்டு விடைகளும் எவ்வளவு ஒத்துவருகின்றன என்று ஒப்பிடுங்கள். அவ்வொப்பீடு கற்பிப்பதைப் பத்துப் பக்கப் பாடமுங் கற்பிக்கமாட்டாது.