விமானியின் முன்னே ஒரு கைக்கணினி

நான்கு பேர் உட்காரக்கூடிய சிறிய விமானம் ஒன்றின் உள்ளே எட்டிப் பாருங்கள். அமெரிக்காவில் 1956-இல் விற்பனைக்கு வந்து, இதுவரை 44,000-க்கும் மேல் செய்யப்பட்டுள்ள செஸ்னா 172 என்றே வைத்துக்கொள்வோம். உள்ளே அகலம் ஒரு மீட்டர்தான். நம் பழைய அம்பாசடர் காரில் இதைவிடத் தாராளமாக உட்காரலாம். அந்தக் குறுகிய இடத்தில்தான் கருவிப் பலகை, கட்டுப்பாட்டுச் சக்கரம், காலடியில் சுக்கான் மிதிகள், இரண்டு ஆட்கள் எல்லாம் அடங்கவேண்டும்.

முன்பெல்லாம் விமானி வழி பார்ப்பதற்குப் பெரிய தாள் வரைபடங்களை மடியில் விரித்து வைத்துக்கொள்வார். 2010-இல் ஐபேட் வெளிவந்த பிறகு நிலைமை மாறியது. வரைபடம் முழுவதும் ஒரு கைக்கணினிக்குள் அடங்கிவிட்டது. விமானம் இருக்குமிடமும் அதன்மேல் ஒரு சிறு குறியாக நகர்கிறது. சரி, அந்தக் கைக்கணினியை எங்கே பொருத்துவது?

ஆணியும் திருகும் சம்பந்தப்பட்ட தச்சுவேலைக் கேள்வி போலத் தோன்றுகிறதல்லவா? 2022 ஜூலையில் ஐடஹோ மாநிலத்தில் காட்டுத்தீயை அணைக்கும் பணியில் இருந்த சினூக் ஹெலிகாப்டர் ஒன்று சால்மன் ஆற்றில் விழுந்து, அதிலிருந்த இரு விமானிகளும் இறந்தனர். பிணைத்து வைக்கப்படாத ஒரு கைக்கணினி நழுவிக் கீழே விழுந்து, துணை விமானியின் இடது மிதியில் சிக்கிக்கொண்டதே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. அரைக் கிலோ எடையுள்ள பொருள்தான்!

பலரும் முதலில் வாங்குவது காற்றுறிஞ்சும் ரப்பர் கிண்ணம் வைத்த தாங்கி. கண்ணாடியில் வைத்து அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். 'ஒட்டிக்கொள்ளும்' என்று சொல்வது வழக்கமே தவிர, உண்மையில் எதுவும் ஒட்டவில்லை. உள்ளேயிருந்த காற்றின் ஒரு பகுதியை நாம் வெளியேற்றிவிட்டோம். வெளிக்காற்று கிண்ணத்தைக் கண்ணாடியோடு சேர்த்து அமுக்குகிறது, அவ்வளவே.

8 செ.மீ. விட்டமுள்ள கிண்ணத்தின் பரப்பு சுமார் 50 சதுர செ.மீ. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 1 கிலோகிராம் எடை. உள்ளே 0.3 பங்கு காற்று எஞ்சியிருந்தால், அமுக்கும் விசை (1 - 0.3) × 50 = 35 கிலோகிராம் எடை. இப்போது விமானம் 3,000 மீட்டர் உயரத்துக்கு ஏறட்டும். அங்கே வெளியழுத்தம் சுமார் 0.7 மட்டுமே. இவ்வகை விமானத்தில் பெரிய விமானங்களைப்போல உள்ளறையின் அழுத்தத்தைச் செயற்கையாகக் காக்கும் ஏற்பாடு கிடையாது. கிண்ணத்தின் கொள்ளளவு மாறவில்லை என்று கொண்டால் உள்ளழுத்தம் 0.3 ஆகவே இருக்கும். ஆகவே விசை 0.4 × 50 = 20 கிலோகிராம் எடைதான். விமானி எதையும் தொடவில்லை. ஆயினும் பிடிமானத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாகவே போய்விட்டது.

"20 கிலோ தாங்குகிறதே, அரைக் கிலோவுக்கு என்ன பயம்?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்விதான். ஆனால் தாங்கி நேராக இழுத்துக் கழல்வதில்லை. மேல் விளிம்பு உரிந்துதான் கழல்கிறது. எனவே விசையை விட்டுத் திருப்புத்திறனைப் பார்க்கவேண்டும். பக்கக் கண்ணாடி செங்குத்தாக இருக்கிறது, கைக்கணினி 20 செ.மீ. நீளமுள்ள கையின் முனையில் நிற்கிறது என்று கொள்ளுங்கள். கிண்ணத்தின் கீழ் விளிம்பைச் சுற்றி எடை திருப்பும் அளவு 0.5 × 20 = 10. எதிர்த்துப் பிடிக்கும் அளவு 20 × 4 = 80. தாராளம்தான். ஆனால் தூசியோ கண்ணாடியின் வளைவோ காரணமாகக் கொஞ்சம் காற்று கசிந்து உள்ளழுத்தம் 0.5 ஆகிவிட்டால்? பிடிமானம் 0.2 × 50 × 4 = 40 ஆகிவிடும். இந்த நேரத்தில் கொந்தளிக்கும் காற்றில் விமானம் தூக்கியடித்தால், உள்ளே உள்ள ஒவ்வொரு பொருளும் தன் எடையைப்போல் மூன்று மடங்கு கனக்கக்கூடும். இவ்வகை விமானங்களின் உடலே 3.8 மடங்குச் சுமையைத் தாங்குமாறுதான் வடிவமைக்கப்படுகிறது. 3.8 × 10 = 38. எதிரே 40! வெயிலில் ரப்பர் இளகிவிட்டால் அந்த இரண்டும் மிஞ்சாது. கையின் நீளத்தை 10 செ.மீ. ஆக்கிவிட்டால் 38 என்பது 19 ஆகும். குட்டைக் கையை அனுபவசாலிகள் ஏன் விரும்புகிறார்கள் என்பது இப்போது விளங்கும்.

வேறு சிலர் கட்டுப்பாட்டுச் சக்கரத்தின் நடுவிலேயே திருகுப் பிடி வைத்துப் பொருத்துகிறார்கள். உறுதியானது, கண்ணுக்கு நேராகவும் இருக்கும். ஆனால் சக்கரம் திரும்பும்போது படமும் சேர்ந்து திரும்பும். பின்னாலுள்ள கருவிகள் சில மறையும். இறங்கும் வேளையில் சக்கரத்தைத் தன் பக்கமாக முழுவதும் இழுக்கும்போது கைக்கணினி விமானியின் வயிற்றிலோ தொடையிலோ முட்டினால் வந்தது வினை. தொடையில் பட்டையால் கட்டிக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அடிக்கடி தலையைக் குனியவேண்டும். விமானம் மேகத்துக்குள் திரும்பிக்கொண்டிருக்கையில் சட்டென்று தலையைக் குனிந்து நிமிர்ந்தால், காதிலுள்ள அரைவட்டக் குழல்களின் நீர்மம் குழம்பி, விமானம் உருள்வதுபோன்ற பொய்யுணர்வு தோன்றும். அது தலைசுற்றலோடு நிற்பதில்லை; அந்த உணர்வை நம்பிச் சக்கரத்தைத் திருப்பியவர்கள் உண்டு.

அடுத்தது காந்த ஊசி. இந்த விமானத்தில் முன்கண்ணாடியின் மேற்பகுதியில் ஒரு திசைகாட்டி இருக்கிறது. மின்சாரம் நின்றாலும் வேலை செய்யும் கருவி அது. கைக்கணினிக்குள்ளும் அதன் உறையிலும் சிறு காந்தங்கள் உண்டு. மேல்நிலை வகுப்பில் டேஞ்சன்ட் கால்வனோமீட்டரைக் கையாண்டவர்கள் டேஞ்சன்ட் விதியை மறந்திருக்கமாட்டீர்கள். அமெரிக்காவின் நடுப்பகுதியில் புவிக்காந்தப் புலத்தின் கிடைத்தளக் கூறு சுமார் 20 மைக்ரோடெஸ்லா. 30 செ.மீ. தொலைவிலுள்ள கைக்கணினி அதற்குச் செங்குத்தாக 2 மைக்ரோடெஸ்லா புலம் தருவதாக வைத்துக்கொண்டால், tan θ மதிப்பு 0.1, ஊசி 5.7 பாகை விலகும். அந்த ஊசியை நம்பி 100 கிலோமீட்டர் பறந்தால் சேருமிடம் 10 கிலோமீட்டர் தள்ளிப்போய்விடும். ஆனால் சிறு காந்தத்தின் புலம் தொலைவின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், 60 செ.மீ.க்கு நகர்த்தினாலே புலம் எட்டிலொரு பங்காகி, விலகல் 0.7 பாகைதான். தமிழ்நாட்டில் கிடைத்தளக் கூறு ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா என்பதால் அதே காந்தம் இங்கே பாதியளவே ஏமாற்றும். வீட்டில் ஒரு திசைகாட்டியும் ஒலிபெருக்கிக் காந்தமும் இருந்தால் இந்த மும்மடி விதியை நீங்களே சோதித்துப் பாருங்கள்.

காந்தத்துக்குப் பயந்து கண்ணாடியோரம் வைத்தால் வெயில் பிடித்துக்கொள்கிறது. 19.5 செ.மீ. நீளமும் 13.5 செ.மீ. அகலமும் உள்ள சிறு ஐபேடின் பரப்பு 263 சதுர செ.மீ. நேர்வெயில் ஒரு சதுர மீட்டரில் சுமார் 1,000 வாட் ஆற்றலைக் கொட்டுகிறது. ஆக இதன்மேல் விழுவது 26 வாட். அதன் மின்கலத்திலோ சுமார் 19 வாட்-மணி ஆற்றல்தான். அது 10 மணி நேரம் வருமென்றால் கருவியின் சொந்தச் செலவு ஏறக்குறைய 2 வாட். வெளிச்சத்தைக் கூட்டினால் மும்மடங்காகட்டும், அப்போதும் வெயிலுக்கு ஈடில்லை. சுற்றுப்புற வெப்பநிலை 35 பாகை செல்சியசுக்குள் இருக்கவேண்டும் என்று தயாரிப்பாளரே வரம்பு சொல்கிறார். மிஞ்சினால் திரை முதலில் மங்கும். பிறகு எச்சரிக்கையைக் காட்டிவிட்டு வேலையை நிறுத்திவிடும். அதுவும் எப்போது? தரையில் நின்று சூடேறிய விமானம் புறப்பட்டு, வழி மிகத் தேவைப்படும் முதல் சில நிமிடங்களில்! ஆகையால் காற்றுத் துளைக்கு எதிரே, நிழலில், முதுகுப்புறம் காற்றுப் படும்படி வைப்பது நல்லது.

முழு நிழலுக்குள் ஒளித்துவிடவும் முடியாது. ஜி.பி.எஸ். அலையின் நீளம் 19 செ.மீ. அலுமினியக் கூரை அதைத் தடுத்துவிடும். அலைநீளத்தைவிடப் பெரிய சன்னல் வழியே அது தாராளமாக நுழையும். எனவே வானத்தின் ஒரு பகுதியாவது கைக்கணினிக்குத் தெரியவேண்டும். தளவிளைவுக் குளிர்கண்ணாடி அணிந்த விமானிக்கு இன்னொரு வேடிக்கையும் நேரும். திரையிலிருந்து வரும் ஒளியே தளவிளைவுற்றது. ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பொருத்தினால் திரை முழுக்க இருண்டு காணும். 90 பாகை திருப்பினால் படம் திரும்பி வந்துவிடும்.

அநேகமாகப் பக்கச் சன்னலின் கீழ் ஓரத்திலோ, கருவிப் பலகையின் விளிம்பிலோ, குட்டைக் கையுள்ள திருகுப் பிடியில்தான் இந்தத் தேடல் முடிகிறது. ரப்பர் கிண்ணமே வேண்டுமென்பவர்கள் ஒரு மெல்லிய கயிற்றால் அதை வேறோரு உறுதியான இடத்தோடு பிணைத்துவிடலாம். கழன்றாலும் மிதிவரை எட்டாத அளவுக்குக் கயிறு குட்டையாக இருக்கவேண்டும். பொருத்தி முடித்த பிறகு, எஞ்சினைக் கிளப்பும் முன்பே சக்கரத்தை இடக்கோடி, வலக்கோடி, முன்கோடி, பின்கோடி என்று முழுவதும் அசைத்து, இரு மிதிகளையும் அடிவரை அழுத்திப் பார்க்கவேண்டும். எங்கேனும் ஒரு சிறு உரசல் கேட்டாலும் தாங்கியைக் கழற்றி மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டியதுதான்.