வாழ்த்து அட்டைக்கு என்ன விலை?
பொழுதுபோக்கைச் சிறுதொழிலாக்கும் கணக்கு

நம் கல்லூரியில் வகுப்புக்கு மூன்று நான்கு பேராவது அழகாக வாழ்த்து அட்டை செய்யத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். ஆசிரியர் தினம் வந்தாலும், பெருநாள் வந்தாலும், மாமியின் மகளுக்குத் திருமணம் என்றாலும் எல்லோரும் அவர்களைத்தான் தேடுவார்கள். "இதை விற்கலாமே" என்று சொல்லாதவர் இல்லை. என்ன விலைக்கு என்று கேட்டால் மட்டும், "கடதாசிக் காசு வந்தால் போதும்" என்ற பதில்தான் பெரும்பாலும் வருகிறது.

நானும் அட்டை செய்கிறவள். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் படிப்பதால், வகுப்பில் கற்ற கிரயக் கணக்கை இந்தக் கைவேலையில் பொருத்திப் பார்த்தேன். அதில் தெளிவானது இதுதான்: செய்பவளின் நேரத்துக்கும் கூலி எழுதப்படும் நாளில்தான் பொழுதுபோக்கு தொழிலாகிறது.

முன்னோடிப் பெண் ஒருவர்

இங்கிலாந்தில் 1843 இல் ஹென்றி கோல் என்பவர் நத்தார் வாழ்த்து அட்டைகளை அச்சிட்டு, ஒன்று ஒரு ஷில்லிங் வீதம் விற்பனைக்கு விட்டார். சில ஆண்டுகளின் பின் அமெரிக்காவின் வூஸ்டர் நகரில் எஸ்தர் ஹவ்லண்ட் என்ற இளம்பெண் கையால் அட்டை செய்யத் தொடங்கினார். 1847 இல் படிப்பை முடித்தவர் அவர். தந்தை காகிதாதிப் பொருள் வியாபாரி. எஸ்தரின் மாதிரி அட்டைகளை அவருடைய சகோதரர் வியாபாரப் பயணத்தில் கொண்டு சென்றார். இருநூறு டொலருக்கு எதிர்பார்த்த இடத்தில் ஐயாயிரம் டொலருக்கு மேல் கட்டளைகள் வந்தனவாம்.

தனியாகச் செய்து முடிக்க முடியாத அந்த வேலைக்கு எஸ்தர் தோழியரை வீட்டுக்கு அழைத்தார். ஒருவர் வெட்ட, ஒருவர் பின்னணி வைக்க, இன்னொருவர் ஒட்ட, வேலை கைமாறி நகர்ந்தது. பொருளியலில் நாம் படிக்கும் தொழிற்பிரிவு ஒரு வீட்டு மேசையில் நடந்தது. அவர் செய்த அட்டைகள் நமது பண்டிகைக்குரியவை அல்ல. ஆனால் அவரது வேலைமுறை நமக்கும் பொருந்தும்.

அளவைத் தீர்மானித்தல்

சிக்கனம் வெட்டுவதற்கு முன்பே தொடங்குகிறது. 22 அங்குலம் அகலமும் 28 அங்குலம் நீளமும் உள்ள ஒரு பிரிஸ்டல் மட்டையை எடுத்துக்கொள்வோம். ஏ4 தாளின் பாதியளவுத் துண்டை மடித்து அட்டை செய்வதானால், ஒரே திசையில் வெட்டும்போது 9 துண்டுகளே கிடைக்கும். மீதி ஓரங்களில் வீணாகும். 7 அங்குலத்துக்கு 7⅓ அங்குலமாக வெட்டினால் சரியாக 12 துண்டுகள் வரும், ஓரம் மிஞ்சாது. மடித்தால் 7 அங்குல நீளமான ஒடுங்கிய அட்டை கிடைக்கும். வழமையான நீளக் கடித உறைக்குள் அது அடங்கும். பெருநாள் காசு நோட்டையும் மடிக்காமல் உள்ளே வைத்துக் கொடுக்கலாம்.

மட்டைக்கு மரத்தைப் போல இழையோட்டம் உண்டு. அதே திசையில் மடித்தால் மடிப்பு நேராக விழும். குறுக்கே மடித்தால் வெடிக்கும். இரு திசையிலும் மெதுவாக வளைத்துப் பார்த்தால், இலகுவாக வளைவதே இழைத்திசை. மடிக்கும் கோட்டில் அடிமட்டத்தை வைத்து, மை தீர்ந்த பேனாவால் ஒருமுறை அழுத்திக் கீறிக்கொள்வது நல்லது.

கிரயக் கணக்கு

கீழே உள்ளவை உதாரணத் தொகைகள். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே கணக்கிடுங்கள்.

ஓர் அட்டைக்கு:
மட்டை – 10 ரூபா
கடித உறை – 15 ரூபா
உள்தாள் – 5 ரூபா
நிறக் கடதாசிக் கீற்று, ரிபன் – 15 ரூபா
பசை – 5 ரூபா
பழுதாவதற்கான ஒதுக்கு – 10 ரூபா
மூலப்பொருள் மொத்தம் – 60 ரூபா

இதை 80 ரூபாவுக்கு விற்றால் 20 ரூபா இலாபம் என்று தோன்றும். ஆனால் அட்டையைச் செய்ய 40 நிமிடம் சென்றிருந்தால், அவள் ஒரு மணித்தியாலம் உழைத்துப் பெறுவது வெறும் 30 ரூபா.

மணித்தியாலத்துக்கு 150 ரூபா கூலி வைத்தால் 40 நிமிடத்துக்கு 100 ரூபா. ஆக மாறும் கிரயம் 160 ரூபா. விலை 220 ரூபா என்றால் பங்களிப்பு 60 ரூபா. வெட்டுக்கத்தி, அடிமட்டம், கத்தரிக்கோல், துளைகருவி ஆகியவற்றுக்கு 2400 ரூபா செலவானது என்று கொள்வோம். 2400 ஐ 60 ஆல் வகுத்தால் 40. அதாவது 40 அட்டைகள் விற்ற பின்னரே இலாபம் தொடங்கும்.

அடுத்து, கடைக்காரர் நூற்றுக்கு 25 வீதம் தரகு கேட்கிறார் என்று வைப்போம். நம் கைக்கு வருவது 165 ரூபா. பங்களிப்பு 5 ரூபாவாகிவிடும். இப்போது 2400 ரூபாவை மீட்க 480 அட்டைகள் விற்க வேண்டும்! கூலியை எழுதாதவளுக்கு இந்த ஆபத்து தெரியாது. அட்டைக்கு 105 ரூபா இலாபம் என்று அவள் எண்ணிக்கொண்டிருப்பாள்.

நேரத்தைக் குறைத்தல்

விலையை உயர்த்துவது மட்டுமே வழியல்ல. ஒவ்வோர் அட்டையாக ஆரம்பித்து முடிப்பதை விட்டு, 12 அட்டைகளையும் ஒன்றாக வெட்டி, ஒன்றாக மடித்து, ஒன்றாக ஒட்டினால் கை பழகும், பசை காயும்வரை காத்திருப்பதும் குறையும். 40 நிமிடம் 24 நிமிடமானால் கூலி 60 ரூபா, மொத்தக் கிரயம் 120 ரூபா. நேரடியாக விற்றால் 24 அட்டைகளிலேயே முதலீடு மீளும். கடை மூலம் என்றாலும் 54 அட்டைகள் போதும்.

மாணவிகளுக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. 40 நிமிட வீதம் 40 அட்டைகளுக்கு 26 மணித்தியாலம் 40 நிமிடம் வேண்டும். 24 நிமிட வீதம் 24 அட்டைகளுக்கு 9 மணித்தியாலம் 36 நிமிடம்தான். மிஞ்சும் 17 மணித்தியாலம் நம் பாடப்புத்தகங்களுக்குரியது. அமையச் செலவு என்று பொருளியலில் படிப்பது இதைத்தான். பரீட்சை நெருங்கும் தவணையில் கட்டளை எடுக்காமல் விடுவதும் ஒரு வியாபாரத் தீர்மானமே.

சந்தையும் காலமும்

நம் நாட்டில் ஆண்டு முழுவதும் பண்டிகைகள் வருகின்றன. தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, வெசாக், நத்தார் ஆகியவற்றுடன் ஒக்டோபர் 6 இல் ஆசிரியர் தினமும் உண்டு. நமது இரு பெருநாட்களும் ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாட்கள் முந்தி வருவதால், தயாரிப்பை ஆங்கில நாட்காட்டிப்படி மட்டும் திட்டமிட முடியாது. அட்டையில் ஆண்டை அச்சிடாமல் விட்டால் மிஞ்சியவை அடுத்த பெருநாளுக்கும் உதவும்.

கடதாசி விலையும் நிலையாக இருப்பதில்லை. 2022 இல் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. எனவே ஒவ்வொரு முறையும் மட்டை வாங்கியபின் கிரயத்தைப் புதிதாகக் கணக்கிட வேண்டும்.

மார்க்கமும் சட்டமும்

அன்னை கதீஜா (ரலி) அவர்கள் மக்காவில் பெயர்பெற்ற வணிகர். தமது பொருட்களைக் கொண்டு சென்று வியாபாரம் செய்தவர்களுக்கு உரிய பங்கைப் பேசிக் கொடுத்தார்கள். தவணைக் கடனை எழுதிக்கொள்ளுமாறு சூரா அல்பகராவின் 282 ஆம் வசனம் பணிக்கிறது. ஆகவே உறவினரின் கட்டளையாயினும் எண்ணிக்கை, விலை, கொடுக்கும் திகதி மூன்றையும் கொப்பியில் எழுதுவதில் வெட்கம் எதுவும் இல்லை. உதவிய தோழிக்குரிய கூலியையும் அதே கொப்பியில் எழுத வேண்டும். அட்டைகள் பின்னர் குப்பையில் விழக்கூடும் என்பதால் குர்ஆன் வசனங்களை அவற்றில் எழுதாதிருப்பது பேணுதல்.

பிறர் வரைந்த காட்டூன் உருவங்களைப் பிரதிசெய்து விற்க முடியாது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆக்கியோனின் உரிமையைப் பாதுகாக்கிறது. சொந்தப் பெயரல்லாத வேறு பெயரில் வியாபாரம் செய்வதானால் பிரதேச செயலகத்தில் அந்தப் பெயரைப் பதிய வேண்டும். பராய வயது 18 என்பதால், அதுவரை பெற்றோரின் துணையுடனேயே இதனைச் செய்ய வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

தையலோ மருதாணியோ வாழ்த்து அட்டையோ, பெண்பிள்ளையின் கைவேலை என்றால் "சும்மா செய்து கொடு மகள்" என்று சொல்வது நம் வீடுகளில் வழக்கம். அன்பளிப்புக் கொடுப்பது நல்ல காரியம். அதைக் கொடுப்பவளே தீர்மானிக்கட்டும். விலைக்கு என்று செய்ததில் அவளுடைய கூலியையும் சேர்த்துக் கேட்க இடம் கொடுங்கள். கூலிக்காரரின் கூலியைத் தாமதிக்காதே என்று கற்றுத்தரும் மார்க்கம் நம்முடையது. அந்தக் கூலிக்காரர் நம் வீட்டு மேசையிலும் இருக்கலாம்.

சகோதரிகளே, அடுத்த அட்டையை ஆரம்பிக்கும்போது மணிக்கூட்டைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முடித்ததும் மறுபடி குறியுங்கள். இன்ஷா அல்லாஹ், உங்கள் கணக்கேட்டின் முதல் வரி அதுவாக இருக்கட்டும்.